கேட் கேள்வி பதில்: கண்ணால பிடிக்காதீங்க, ஸ்னாப்ல பிடிங்க

இந்த மாசம் வந்த கேள்விகளைப் பிரிச்சுப் பார்த்தா முக்கால்வாசி ஓஸ்னாப்லதான் வந்து நிக்குது, அதாவது கர்சரை ஏற்கனவே வரைஞ்ச லைனோட முனை, நடு மாதிரி சரியான புள்ளில ஒட்ட வைக்கற ஆப்ஜெக்ட் ஸ்னாப். சில பேருக்கு அது ஓஸ்னாப் பிரச்சனைன்னே தெரியல, ஹேட்ச் (மூடின இடத்தைக் கோடு போட்டு நிரப்பறது) வரல, ஃபில்லெட் (ரெண்டு லைனை மூலைல சேர்க்கறது) ஆகல, கர்சர் குதிக்குதுன்னு வேற வேற பேர்ல எழுதியிருக்கீங்க. அதனால இந்த தடவை மத்ததெல்லாம் ஓரமா வெச்சுட்டு இதை மட்டும் எடுத்துக்கறேன். எல்லாம் ஆட்டோகேட்ங்கற கேட் சாஃப்ட்வேர் (கம்ப்யூட்டர்ல டிராயிங் போடறது) வெச்சுத்தான் சொல்றேன், கடைசில மட்டும் வேற சாஃப்ட்வேர் வருது.

அண்ணா, நான் டிப்ளமோ சிவில் ரெண்டாவது வருஷம். ஒரு வீட்டு பிளான் போட்டேன், சுவர் லைன் எல்லாம் மூலைல கரெக்டா சேர்ந்துதான் இருக்கு, ஆனா ஹேட்ச் போட்டா பவுண்டரி கிடைக்கலன்னு வருது. ரெண்டு நாளா மண்டை காயுது.
ஈரோடு மாணவர்

சேர்ந்துதான் இருக்குன்னு யார் சொன்னா தம்பி, உங்க கண்ணுதானே சொல்லுச்சு. அந்த மூலைல கர்சரை வெச்சு மவுஸ் வீலை உருட்டுங்க, உருட்டிக்கிட்டே இருங்க, நிறுத்தாதீங்க, கொஞ்ச நேரத்துல பாருங்க ரெண்டு லைனும் பேசாம இருக்கற பங்காளிங்க மாதிரி எட்டி எட்டி நிக்கும். இல்லைன்னா ஒண்ணு இன்னொண்ணைத் தாண்டிப் போயிருக்கும்.

ஏன் இப்படின்னா கணக்கு ரொம்ப சிம்பிள். உங்க மானிட்டர் குறுக்கே 1920 பிக்ஸல்னு வெச்சுக்கங்க, 15 மீட்டர் வீடு முழுசும் ஸ்கிரீன்ல தெரியுதுன்னா அது 15000 மில்லிமீட்டர், அப்போ ஒரு பிக்ஸலுக்குள்ளயே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் அடங்கிடுது. உங்க கை எவ்வளவு நடுங்காம இருந்தாலும் ஒரு பிக்ஸலுக்குள்ள எங்க கிளிக் பண்றீங்கன்னு உங்களுக்கே தெரியாது. கண்ணுக்கு ஒட்டுன மாதிரி தெரியும், ஃபைலுக்குள்ள 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். ஜூம் பண்ணிக் கிளிக் பண்ணேன்னு சிலர் சொல்வாங்க, ஜூம் பண்ணா தப்பு சின்னதாகும், அவ்வளவுதான், தப்பு போகாது.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது கண்ணால பார்த்தா எழுப்புறார்? ரெண்டு மூலைலயும் நூல் கட்டிட்டு அதைப் பிடிச்சுத்தான் செங்கல் வைக்கிறார். ஓஸ்னாப்ங்கறது அந்த நூல்தான். ஏற்கனவே இருக்கற லைனோட முனை, நடு, வட்டத்தோட சென்டர், இதெல்லாம் ஃபைலுக்குள்ள தசமப்புள்ளி வரைக்கும் துல்லியமா எழுதி வெச்சிருக்கு, நீங்க பக்கத்துல போனா போதும், சாஃப்ட்வேர் அந்த நம்பரையே எடுத்துக்கும். இது ஒண்ணும் புதுசும் இல்ல. 1963ல எம்ஐடில ஐவன் சதர்லண்ட் பண்ண ஸ்கெட்ச்பேட்லயே இது இருந்துச்சு, லைட் பேனாவை ஸ்கிரீன்ல ஒரு லைன் பக்கத்துல கொண்டு போனா அந்த லைன் மேலயே போய் உக்காந்துக்கும். கையால துல்லியமா வைக்க முடியாதுன்னு அந்த மனுஷனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு, நாமதான் இன்னும் கண்ணை நம்பிக்கிட்டு இருக்கோம்.

இப்போ உங்க பிளானைச் சரி பண்ற வழி. எஃப் 3 அழுத்தி ஓஸ்னாப் ஆன் பண்ணுங்க, முனை பக்கத்துல போனா சின்னதா ஒரு சதுரம் வரும், அது எண்ட்பாயிண்ட், முக்கோணம் வந்தா மிட்பாயிண்ட், பெருக்கல் குறி வந்தா இன்டர்செக்‌ஷன். சதுரம் வந்தப்பறம்தான் கிளிக். ஏற்கனவே போட்ட மூலைகளுக்கு ஃபில்லெட் கமாண்ட் கொடுத்து முதல் லைனைத் தொட்டுட்டு, ஷிஃப்டை அழுத்திக்கிட்டு ரெண்டாவது லைனைத் தொடுங்க, ரேடியஸ் என்ன இருந்தாலும் அதைக் கண்டுக்காம ஜீரோவா எடுத்து ரெண்டையும் மூலைல ஒட்டிடும், நீட்டிக்கிட்டு இருந்தாலும் வெட்டிடும். ஹேட்ச் ஃபெயில் ஆகும்போது எந்த மூலைல ஓட்டைன்னு புது வெர்ஷன்கள்ல சிவப்பு வட்டம் போட்டுக் காட்டும், அதைப் பார்த்து ஒவ்வொண்ணா போங்க, வேலை முடிஞ்சதும் ரீஜென் (டிராயிங்கைத் திரும்பக் காட்டற கமாண்ட்) கொடுத்தா வட்டம் போயிடும்.

உங்க ஃப்ரெண்ட் யாராவது ஹேட்ச்ல கேப் டாலரன்ஸ் (எவ்வளவு இடைவெளி வரைக்கும் பொறுத்துக்கலாம்ங்கற அளவு) ஏத்திவிடு, வந்துடும்னு சொல்வான். வரும். ஆனா அது ஓட்டையை அடைக்கல, ஓட்டையைப் பார்க்காத மாதிரி நடிக்குது. நாளைக்கு அதே பிளான்ல பவுண்டரி போட்டு ஏரியா எடுக்கறப்போ அதே ஓட்டை வந்து நிக்கும். அதே மாதிரி டைமென்ஷன் 2996னு காட்டுச்சுன்னு டெக்ஸ்டை மட்டும் மாத்தி 3000னு அடிக்கற பழக்கம், அது வேணாம் தம்பி, அது பொய்க் கணக்கு.

என்னோட கர்சர் திடீர்னு ஸ்மூத்தா போகாம தவளை மாதிரி குதிச்சுக் குதிச்சுப் போகுது. மவுஸ் மாத்திப் பார்த்துட்டேன், புது மவுஸும் குதிக்குது.
திருச்சி வாசகர்

எஃப் 9 அழுத்துங்க. சரியாயிடும். அது கிரிட் ஸ்னாப், 10னு செட் பண்ணியிருந்தா பத்துப் பத்தாத்தான் நகரும், ஓஸ்னாப்புக்கும் அதுக்கும் பேர்லதான் ஒத்துமை, வேலை வேற. எஃப் 8 ஆர்த்தோ (லைனை நேரா மட்டும் போக விடறது) அழுத்தப் போய் விரல் பக்கத்துல பட்டுருக்கும், எல்லாருக்கும் நடக்கறதுதான். பழைய மவுஸைத் தூக்கிப் போட்டுடலயே?

சார், ஓஸ்னாப் செட்டிங்ஸ்ல செலக்ட் ஆல் கொடுத்து எல்லாத்தையும் டிக் பண்ணி வெச்சிருக்கேன், எதுவும் மிஸ் ஆகக்கூடாதுன்னு. ஆனா சீனியர் பார்த்துட்டுத் திட்டுறார். எல்லாம் இருந்தா நல்லதுதானே?
சென்னை, டிராஃப்ட்ஸ்மேன்

உங்க சீனியர் பக்கம்தான் நான். அஞ்சாறு பேர் ஒரே நேரத்துல வழி சொன்னா என்ன ஆகும், அதேதான் இங்கயும். கர்சரைச் சுத்தி ஒரு 10 பிக்ஸல் வட்டாரத்துல நாலஞ்சு பாயிண்ட் இருக்கும், எல்லா ஸ்னாப்பும் ஆன்ல இருந்தா எது முந்துதோ அதைப் பிடிச்சுக்கும், நீங்க வேகமா வேலை செய்யறவரா இருந்தா என்ன குறி வந்துச்சுன்னு பார்க்கக்கூட மாட்டீங்க.

நான் இதுல சூடு பட்டவன். ஒரு பம்ப் லைனுக்கு 80 என்பி (பைப் சைஸ்) பிளேட் ஃபிளேஞ்ச், அதாவது பைப்பை போல்ட் போட்டு இணைக்கற வட்டத் தட்டு, பிஎன் 16 பிரஷர் ரகம், லேசர் கட்டிங்குக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கணும். வெளி விட்டம் 200, பிசிடி (போல்ட் ஓட்டைகளோட சென்டர் எல்லாம் உக்கார்ற வட்டத்தோட விட்டம்) 160, அதுல 18 மில்லிமீட்டர்ல 8 ஓட்டை, மனப்பாடமா போடற வேலை. நான் என்ன பண்ணேன், சென்டர் லைன் ரெண்டையும் அவசரத்துல கண் மதிப்புல இழுத்துட்டேன், அது வட்டத்தோட உண்மையான சென்டர்ல இருந்து ஒண்ணரை மில்லிமீட்டர் தள்ளிக் குறுக்கே வெட்டிக்கிட்டு நின்னுச்சு. அப்பறம் பிசிடி வட்டம் போடறப்போ சென்டர் பிடிக்கறோம்னு நினைச்சுக் கிளிக் பண்ணேன், ஆனா பிடிச்சது அந்த ரெண்டு சென்டர் லைனோட இன்டர்செக்‌ஷன். ஸ்கிரீன்ல பார்த்தா ரெண்டும் ஒரே இடம்தான். டைமென்ஷன் வெச்சுப் பார்த்தேன், பிசிடி 160, ஓட்டை 18, எல்லாம் சரி, ஏன்னா வட்டத்தோட அளவு சரி, வட்டம் உக்காந்த இடம்தான் தப்பு, அதை நான் வெச்ச எந்த டைமென்ஷனும் சொல்லல. பன்னண்டு பீஸ் வெட்டி வந்துருச்சு. ஃபிட்டர் எடுத்து பம்ப்போட ஃபிளேஞ்ச்ல மாட்டினார், எட்டு போல்ட்டும் வெண்ணெய் மாதிரி ஏறுச்சு, நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு நிக்கறேன், அவர் விளிம்பை ஒரு சுத்து விரலால தடவிட்டு, "சார் ஒரு பக்கம் படி நிக்குதே"ன்னார். ஒரு பக்கம் வெளிய நீட்டிக்கிட்டு, எதிர்ப்பக்கம் உள்ள போயி. உள் துளையும் அப்படியே. ஒண்ணரை மில்லிமீட்டர்னா ஒரு நூலை விடக் கம்மிதான், நூல்ங்கறது கால் இஞ்சுல பாதி, ஆனா அந்த விரலுக்குத் தெரிஞ்சுது. பன்னண்டும் ஸ்கிராப், காசு என் கையில இருந்துதான் போச்சு.

அதுக்கப்பறம் நான் ரன்னிங்ல, அதாவது எப்பவும் ஆன்ல, வெச்சிருக்கறது அஞ்சே அஞ்சுதான், எண்ட்பாயிண்ட், மிட்பாயிண்ட், சென்டர், இன்டர்செக்‌ஷன், பர்பெண்டிகுலர். மெக்கானிக்கல் ஆளுங்க வேணும்னா குவாட்ரன்ட் (வட்டத்தோட மேல, கீழ, ரெண்டு பக்கப் புள்ளி) சேர்த்துக்கலாம். மீதி எல்லாம் தேவைப்படும்போது ஷிஃப்டை அழுத்திக்கிட்டு ரைட் கிளிக் பண்ணா மெனு வரும், அதுல அந்த ஒரு கிளிக்குக்கு மட்டும் எடுத்துக்கலாம். முக்கியமான பாயிண்ட்டுன்னா ரன்னிங்ல இருந்தாலும் நான் மெனுவுக்குத்தான் போவேன், இல்ல சி-இ-என்னு டைப் பண்ணி என்டர், அப்போ சென்டரைத் தவிர வேற எதையும் அது பிடிக்காது. ரெண்டு மூணு பாயிண்ட் நெருக்கமா இருந்தா டேப் கீயைத் தட்டித் தட்டி மாத்திக்கலாம், இது பாதிப் பேருக்குத் தெரியறதில்ல.

நியரஸ்ட்டை மட்டும் ரன்னிங்ல வைக்கவே வைக்காதீங்க. அது மணல் கடிகாரம் மாதிரி ஒரு குறி, லைன் மேல எங்க வேணா பிடிக்கும், முனைல இருந்து அரை மில்லிமீட்டர் தள்ளிப் பிடிச்சுட்டு பிடிச்சாச்சுன்னு சொல்லும். ஸ்னாப் ஆனதும் உங்களுக்கு நம்பிக்கை வந்துடும், அதான் ஆபத்து. லீடர் வைக்கறதுக்கு, டெக்ஸ்டுக்கு அம்பு போடறதுக்கு அது போதும்.

இன்னொண்ணு, இந்த டிக் அடிக்கற வேலையே வேணாம்னா ஓஎஸ்மோடுன்னு ஒரு வேரியபிள் இருக்கு, எந்தெந்த ஸ்னாப் ஆன்ல இருக்குன்னு ஒரே நம்பரா வெச்சுக்கற செட்டிங். எண்ட்பாயிண்ட்டுக்கு 1, மிட்பாயிண்ட்டுக்கு 2, சென்டருக்கு 4, இன்டர்செக்‌ஷனுக்கு 32, பர்பெண்டிகுலருக்கு 128, கூட்டினா 167. ஓஎஸ்மோடு டைப் பண்ணி 167 கொடுத்தா என்னோட செட்டிங் உங்க மெஷின்ல வந்துடும். புதுசா இன்ஸ்டால் பண்ண ஆட்டோகேட்ல இது 4133னு இருக்கும், அதாவது எண்ட்பாயிண்ட், சென்டர், இன்டர்செக்‌ஷன், அப்பறம் 4096 எக்ஸ்டென்ஷன்.

சார், நான் இன்டீரியர் வேலை பண்றேன். ரூம் நடுவுல ஃபேன் பாயிண்ட் வைக்க ஒவ்வொரு தடவையும் மூலைக்கு மூலை லைன் போட்டு, நடுவைப் பிடிச்சு, அப்பறம் அந்த லைனை அழிக்கறேன். சில நேரம் அழிக்க மறந்து பிரிண்ட்லயே வந்துடுது. வேற வழி இருக்கா?
மதுரை வாசகி

இருக்குங்க, ரொம்ப சுலபம். ஃபேன் பிளாக்கை (ரெடியா வரைஞ்சு வெச்ச படம்) இன்சர்ட் பண்ணும்போது பாயிண்ட் கேக்கும்ல, அப்போ எம்-2-பின்னு டைப் பண்ணி என்டர் தட்டுங்க, ஒரு மூலையை கிளிக், எதிர் மூலையை கிளிக், ரெண்டுக்கும் நடுவுல ஃபேன் போய் உக்காந்துடும். ஒரு லைனும் போட வேணாம், அழிக்கவும் வேணாம். ரூம் அவுட்லைன் மூடின பாலிலைனா (பல லைன் சேர்ந்த ஒரே பொருள்) இருந்தா இன்னும் ஒரு வழி, 2016 வெர்ஷன்ல இருந்து ஜியோமெட்ரிக் சென்டர்னு ஒரு ஸ்னாப் வந்துச்சு, பாலிலைன் மேல கர்சரை வெச்சாலே நடுவுல குறி காட்டும். ஆனா எல் ஷேப் ஹாலுக்கு அதை நம்பாதீங்க, சென்டர் கணக்குப்படி சரியா இருக்கும், ஆனா போய் நிக்கற இடம் உள் மூலைக்குப் பக்கத்துல, சில நேரம் சுவருக்கு வெளியவே இருக்கும், அங்க ஃபேன் மாட்டினா பக்கத்து வீட்டுக்குத்தான் காத்து. எல் ஷேப்பை ரெண்டு செவ்வகமாப் பிரிச்சு எம்-2-பி போடறதுதான் வழி.

நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், கதவு ஃபிரேமை மூலைல இருந்து 150 தள்ளி வைக்கணும்னா ஃப்ரம்னு ஒண்ணு இருக்கு. பாயிண்ட் கேக்கும்போது எஃப்-ஆர்-ஓ-எம் டைப் பண்ணி என்டர், மூலையை எண்ட்பாயிண்ட்ல பிடிங்க, அப்பறம் அட் குறி போட்டு 150 கமா 0. அந்த அட் குறியை மட்டும் விட்டுடாதீங்க, விட்டா டிராயிங்கோட ஒரிஜின்ல இருந்து 150 தள்ளி எங்கயோ போய் விழும், அப்பறம் கதவைக் காணோம்னு தேடணும்.

சர்வேயர் கொடுத்த டிராயிங் மேல லேஅவுட் போடறேன். ரெண்டு கல்லுக்கு நடுவுல அளந்தா டேப்ல 12 மீட்டர் வருது, டிராயிங்ல 13 காட்டுது. சில லைன்ல ஃபில்லெட்டும் ஆகல. சர்வேயர் தப்பா, நான் தப்பா?
திண்டுக்கல், லேஅவுட் வேலை செய்பவர்

ரெண்டு பேரும் இல்ல, இசட் தப்பு. சர்வே பாயிண்ட்டுக்கு எக்ஸ், ஒய் கூட லெவலும் இருக்கும், மேல இருந்து பார்க்கறதால அது நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஒரு கல்லு லெவலோட 5 மீட்டர் உயரத்துல நிக்குது, இன்னொண்ணை யாரோ ஜீரோல வெச்சுட்டாங்கன்னு வெச்சுக்கங்க, நீங்க ஸ்னாப் பண்ணி இழுத்த லைன் தரைல போகல, சாய்வா ஏறுது. 12ம் 5ம் சேர்ந்தா 13, ஸ்கூல்ல படிச்ச பித்தாகரஸ். தூரம் அளக்கற டிஸ்ட் கமாண்ட் கொடுத்துட்டு கீழ டெல்டா இசட்னு ஒரு வரி வரும், அதைப் படிங்க, அது ஜீரோ இல்லன்னா இதுதான் விஷயம். ஃபில்லெட் ஆகாததும் இதனாலதான், ரெண்டு லைனும் ஒரே தளத்துல இல்ல, பாலத்து மேல போற ரோடும் கீழ போற ரோடும் மேப்ல குறுக்கே வெட்டற மாதிரி தெரியும், நிஜத்துல தொடாதுல்ல.

இனிமே போடறதுக்கு ஓஸ்னாப்-இசட்னு ஒரு வேரியபிள் இருக்கு, ஓ-எஸ்-என்-ஏ-பி-இசட், அதை 1 ஆக்குங்க, எந்த உயரத்துல இருக்கற பாயிண்ட்டைப் பிடிச்சாலும் உயரத்தை விட்டுட்டு இப்போ இருக்கற எலிவேஷன்ல, அதாவது பொதுவா ஜீரோல, போட்டுக்கும். ஏற்கனவே சாய்வாப் போட்ட லைனுக்கு பிராப்பர்டீஸ்ல ஸ்டார்ட் இசட், எண்ட் இசட் ரெண்டையும் ஜீரோ ஆக்கலாம், நிறைய இருந்தா எக்ஸ்பிரஸ் டூல்ஸ்ல ஃபிளாட்டன், அது எல்லாத்தோட உயரத்தையும் ஒரேயடியா ஜீரோ ஆக்கிடும். ஆனா சர்வேயர் ஃபைலையே ஃபிளாட்டன் பண்ணிடாதீங்க, காப்பி எடுத்துட்டுப் பண்ணுங்க, நாளைக்கு காண்டூர் (ஒரே உயரத்தைச் சேர்க்கற கோடு) கேக்கறப்போ லெவல் இருக்காது. வேலை முடிஞ்சதும் வேரியபிளைத் திரும்ப 0 ஆக்கிடுங்க, இல்லைன்னா அடுத்து த்ரீடி போட உக்காரும்போது கூரையைப் பிடிச்சா தரைல விழும்.

ஒரு லிஸ்ப் (ஆட்டோகேடுக்குள்ள ஓடற சின்ன புரோகிராம்) வெச்சிருக்கேன், நல்லா வேலை செய்யுது, ஆனா நடுவுல எஸ்கேப் அடிச்சா என் ஓஸ்னாப் செட்டிங் எல்லாம் காணாம போயிடுது.
கோவை வாசகர்

லிஸ்ப் எழுதினவர் ஓஸ்னாப் பக்கத்துல இருக்கற வேற பாயிண்ட்டைப் பிடிச்சு வேலையைக் கெடுத்துடும்னு பயந்து, ஆரம்பத்துல ஓஎஸ்மோடை எடுத்து வெச்சுட்டு 0 ஆக்கியிருப்பார், கடைசில திருப்பிக் கொடுக்கற மாதிரி எழுதியிருப்பார். நீங்க நடுவுல எஸ்கேப் அடிச்சா அந்தக் கடைசி வரிக்குப் போகவே போகாது, வாங்குன சாமானைத் திருப்பிக் கொடுக்காம ஓடின மாதிரி. பயம் நியாயம்தான், வழிதான் அரைகுறை. எரர் வந்தாலும் எஸ்கேப் வந்தாலும் பழைய நம்பரைத் திருப்பி வைக்கற எரர் ஃபங்ஷன் ஒண்ணு அதுல சேர்க்கணும். இல்லைன்னா ஓஎஸ்மோடைத் தொடவே வேணாம், கமாண்டுக்குள்ள ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் முன்னாடி என்-ஓ-என்னு (எதையும் பிடிக்காதேன்னு அர்த்தம்) கொடுத்தா அந்த ஒரு பாயிண்ட்டுக்கு மட்டும் ஸ்னாப் ஒதுங்கிக்கும். அதுவரைக்கும் மேல சொன்ன 167 ஞாபகம் வெச்சுக்கங்க.

ரெண்டு புல்லி, பெரிசு ஒண்ணு சின்னது ஒண்ணு, பெல்ட் லைன் வட்டத்தைக் கரெக்டா உரசிக்கிட்டுப் போகணும். எவ்வளவு முயற்சி பண்ணாலும் கொஞ்சம் உள்ள போகுது, இல்ல வெளிய நிக்குது.
சிவகாசி, மெயின்டெனன்ஸ்

லைன் கமாண்ட், டி-ஏ-என் (டேன்ஜென்ட், அதாவது தொடுகோடு) என்டர், முதல் வட்டத்தோட மேல்பக்கம் கிளிக், திரும்ப டி-ஏ-என் என்டர், ரெண்டாவது வட்டத்தோட மேல்பக்கம் கிளிக். முதல் கிளிக்ல லைன் எங்கயும் ஒட்டாத மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ரெண்டாவது வட்டம் தெரிஞ்சாத்தானே அது தொடற இடத்தைக் கணக்குப் போட முடியும். கிராஸ் பெல்ட் வேணும்னா ஒண்ணுல மேல, இன்னொண்ணுல கீழ. எந்தப் பக்கம் கிளிக் பண்றீங்களோ அந்தப் பக்கத் தொடுகோடு, அவ்வளவுதான்.

ஆட்டோகேட் வாங்க வசதி இல்ல. ஃப்ரீயா கிடைக்கறதுல இந்த ஸ்னாப் எல்லாம் இருக்கா?
பெயர் வேண்டாம் என்று கேட்டவர்

லிப்ரேகேட் இருக்கு, முழுக்க இலவசம், ஸ்னாப்புக்குன்னு தனி டூல்பார்லயே எண்ட்பாயிண்ட், சென்டர், மிடில், இன்டர்செக்‌ஷன் எல்லாம் பட்டனா இருக்கும். டூடி மட்டும்தான், அதுவே உங்களுக்குப் போதும்னு நினைக்கறேன். அங்க ஆன் என்டிட்டின்னு ஒரு பட்டன் இருக்கும், அது நம்ம நியரஸ்ட்டோட அண்ணன் தம்பி, அதை அமுக்கி வெச்சுக்கிட்டு மூலை பிடிக்கப் போகாதீங்க. ஸ்கெட்ச்அப் பழகினவங்க அங்க கலரைப் பார்க்கணும், பச்சைப் புள்ளின்னா முனை, வெளிர் நீலம்னா நடு, சிவப்புன்னா லைன் மேல எங்கயோ ஒரு இடம். நேத்து ஒரு பையன் காட்டின வீட்டு மாடல்ல கூரை ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, எந்தப் புள்ளியைப் பார்த்து கிளிக் பண்ணேன்னு கேட்டேன், சிவப்புதான் சார்னான்.